நிற்கும் மெஷினில் ஏறும் சுற்று எண்: ஒரு என்கோடர் பழுதுபார்ப்பு

காயில் சுற்றும் மெஷின் ஒன்று பழுதுக்கு வந்தது. ஓடும்போது எண்ணிக்கையில் பெரிய குறை தெரியவில்லை. ஆனால் நிறுத்திவிட்டு, பெடலில் லேசாகக் கால் வைத்தபடி கம்பியை நேராக்கிக்கொண்டிருந்தால், ஸ்பிண்டில் (காயிலைச் சுற்றும் தண்டு) இருந்த இடத்திலேயே இருக்க, திரையில் சுற்று எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 1,200 சுற்று முடிந்ததாகத் திரை சொல்லும் காயிலில் உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கான காயில் என்றால் அந்தக் குறை நேராக வோல்டேஜில் தெரியும்.

"என்கோடர் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஸ்பிண்டில் சுற்றுவதை மின் துடிப்புகளாக மாற்றித் தரும் உணரிதான் என்கோடர். இந்த மாதிரி மெஷின்களில் முதல் பழி எப்போதும் என்கோடர் மேல்தான் விழும். எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. கெட்டுப்போன என்கோடர் பெரும்பாலும் எண்ணிக்கையைத் தவறவிடும். இல்லாத சுற்றைச் சீராகக் கூட்டிக்கொண்டே போகிறது என்றால், எண்ணுகிற போர்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏனென்றால், இன்க்ரிமென்டல் என்கோடருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. "ஒரு படி நகர்ந்தேன், ஒரு படி நகர்ந்தேன்" என்று மட்டும்தான் அது சொல்லும். எத்தனை படி, எந்தப் பக்கம் என்று கூட்டிக் கழித்து வைத்துக்கொள்வது எதிரே இருக்கும் கவுண்டரின் பொறுப்பு. நிலை என்பது முழுக்க முழுக்க அந்தக் கவுண்டரின் ஞாபகம்தான்.

மெஷினில் இருந்தது 600 கோடு கொண்ட ஆப்டிகல் என்கோடர். அதே வகையில் பேரிங் தேய்ந்த ஒன்று என்னிடம் கிடந்ததால், வேலை செய்வதைத் தொடாமல் அதைத் திறந்து பார்த்தேன். ஷாஃப்டோடு சுற்றும் மெல்லிய வட்டு. அதன் விளிம்பை ஒட்டி நெருக்கமான கோடுகள். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிற வளையம் போலத்தான் தெரிகிறது, லென்ஸ் வைத்தால்தான் கோடு கோடாகப் பிரிகிறது. தடத்தின் விட்டம் 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் 94 மி.மீ.; அதில் 600 பிளவுகள் என்றால் ஒரு பிளவும் அதன் அடுத்த மறைப்பும் சேர்ந்தே 0.16 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளி உணரிகள், நடுவே அசையாத ஒரு முகமூடித் தகடு. அந்தத் தகட்டிலும் அதே இடைவெளியில் கோடுகள் இருக்கின்றன. வட்டின் கோடுகளும் தகட்டின் கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும்போது பல பிளவுகள் வழியாக ஒரே சமயத்தில் ஒளி பாய்கிறது, அரை இடைவெளி நகர்ந்ததும் மொத்தமாக அடைபடுகிறது. ஒரே ஒரு பிளவின் கீற்றொளியை நம்பி இருந்தால் இவ்வளவு தெளிவான சிக்னல் கிடைக்காது. வட்டில் ஒரு இடத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடுவதற்குக் காரணமும் இதுதான்.

தகட்டில் இரண்டு கோட்டுத் தொகுதிகள் உண்டு. ஒன்றுக்கொன்று கால் இடைவெளி தள்ளி வைக்கப்பட்டவை. அதனால் ஏ, பி என்று இரண்டு சதுர அலைகள் வெளியே வருகின்றன, இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி. இது ஷாஃப்ட்டின் 90 டிகிரி அல்ல, ஒரு அலையின் கால் பங்கு. 600 கோடு வட்டில் ஒரு முழு அலை என்பதே ஷாஃப்ட்டின் 0.6 டிகிரிதான்.

ஒரே ஒரு சென்சார் போதாதா? ஓட்டத்தை மட்டும் எண்ணுவதற்குப் போதும். ஆனால் காயில் சுற்றுகிறவர் கம்பி ஏறுமாறாக விழுந்துவிட்டால் ஒரு அடுக்கைப் பின்னோக்கிப் பிரிப்பார். ஒற்றைச் சென்சார் அதையும் சேர்த்துக் கூட்டும். இரண்டு சேனல் இருந்தால் கதை வேறு. முன்னோக்கிச் சுற்றும்போது ஏ முதலில் உயர்கிறது, பி கால் அலை பின்னால் வருகிறது. திசை மாறினால் பி முந்திக்கொள்கிறது. ஏ-யை முதல் இலக்கமாகவும் பி-யை இரண்டாவதாகவும் எழுதினால் முன்னோக்கிய வரிசை 00, 10, 11, 01, மறுபடி 00. பின்னோக்கி என்றால் 00, 01, 11, 10, 00. எந்த இரண்டு அடுத்தடுத்த நிலைகளுக்கும் இடையே ஒரே ஒரு இலக்கம்தான் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். பின்னால் இதுதான் கைகொடுத்தது.

ஸ்கோப்பில் பார்த்தது

ஏ, பி இரண்டையும் ஸ்கோப்பில் (அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) மாட்டி, ஸ்பிண்டிலைக் கையால் மிக மெதுவாக உருட்டினேன். அலைகள் சரியாகத்தான் வந்தன. பிறகு ஏ உயரும் விளிம்புக்கு மிக அருகே ஸ்பிண்டிலை நிறுத்தி, பெடலை மோட்டார் முனகும் அளவுக்கு மட்டும் அழுத்தினேன். பி அசையாமல் கீழேயே கிடந்தது. ஏ மட்டும் மேலும் கீழும் துடித்தது. ஸ்பிண்டில் கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிர்கிறது. அந்த அதிர்வில் வட்டின் கோடு ஒன்று முகமூடியின் விளிம்பைத் தாண்டுவதும் திரும்புவதுமாக இருக்கிறது. என்கோடருக்குள் இருக்கும் ஷ்மிட் டிரிகர் சின்னத் தடுமாற்றத்தை விழுங்கிக்கொள்ளும். உண்மையாகவே கோடு போய்ப் போய் வரும்போது அது என்ன செய்யும்? இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

போர்டில் எண்ணும் புரோகிராமை ஓட்டும் சிப் ஏடிமெகா328. எண்ணும் முறை மிகப் பிரபலமானதுதான்: ஏ உயரும்போது மட்டும் இன்டரப்ட் (கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஓடும் சின்ன நிரல்), உள்ளே போய் பி-யைப் பார், பி கீழே இருந்தால் ஒன்று கூட்டு, மேலே இருந்தால் ஒன்று கழி. தொடக்கப் பாடங்களில் எல்லாம் இதைத்தான் காண்பிப்பார்கள். ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும்வரை இதில் குறையே இல்லை. விளிம்பில் நின்று அதிரும்போதுதான் வினை. ஏ உயர்கிறது, பி கீழே: ஒன்று கூட்டு. ஏ இறங்குகிறது: யாரும் கவனிக்கவில்லை. மறுபடி உயர்கிறது, பி இன்னும் கீழேதான்: இன்னொன்று கூட்டு. போனது பதிவாகிறது, திரும்பி வந்தது பதிவாகவில்லை. விநாடிக்கு 100 முறை இப்படி அதிர்ந்தால் 6 விநாடியில் 600 துடிப்பு. திரையில் ஒரு முழுச் சுற்று கூடிவிடும். புகாரில் சொன்னது இதேதான்.

இதற்கு மருந்தாகச் சிலர் இன்டரப்ட்டுக்குள் ஒரு தாமதம் வைப்பார்கள், ஸ்விட்ச்சுக்கு வைப்பதுபோல. ஆப்டிகல் என்கோடரில் அதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி. இங்கே துடிப்பது தொடர்புமுனை அல்ல, ஷாஃப்ட்டின் நிஜமான அசைவு. அதை மறைத்தால் வேகமாக ஓடும்போது நிஜமான துடிப்புகளும் சேர்ந்து காணாமல் போகும்.

சரியான வழி, ஏ, பி இரண்டின் ஏற்றம், இறக்கம் எல்லாவற்றையும் எண்ணுவது. ஒரு அலைக்கு நான்கு விளிம்பு, ஆக 600 கோடு 2,400 எண்ணிக்கையாகிறது, ஒன்றுக்கு 0.15 டிகிரி. பலரும் இதை நுணுக்கம் கூட்டுவதற்காகச் செய்வார்கள். எனக்கு அந்த நுணுக்கம் தேவைப்படவில்லை. விளிம்பில் அதிரும்போது போனதற்கு ஒன்று கூடி, வந்ததற்கு ஒன்று கழிந்து, கணக்கு இருந்த இடத்துக்கே வருகிறதே, அதற்காகத்தான் இது வேண்டும்.

புரோகிராமில் இதை ஒரு 16 கட்ட அட்டவணையாக எழுதினேன். பழைய நிலையின் இரண்டு பிட், புதிய நிலையின் இரண்டு பிட், சேர்த்தால் நான்கு பிட், அதுவே அட்டவணையின் எண். பழையது 00 என்றால்: புதியது 00-க்கு 0, 01-க்கு −1, 10-க்கு +1, 11-க்குப் பிழை. பழையது 01 என்றால், அதே வரிசையில் +1, 0, பிழை, −1. பழையது 10 என்றால் −1, பிழை, 0, +1. பழையது 11 என்றால் பிழை, +1, −1, 0. முடிந்தது. நிபந்தனைக்குள் நிபந்தனை என்று எழுதுவதைவிட இது வேகம், படிக்கவும் எளிது.

அந்த நான்கு பிழைக் கட்டங்களைச் சிலர் பூஜ்யம் போட்டு மறந்துவிடுவார்கள். நான் அவற்றுக்குத் தனி கவுண்டர் வைத்து, திரையின் மூலையில் காட்டினேன். இரண்டு இலக்கமும் ஒரே நேரத்தில் மாறுவது நல்ல சிக்னலில் நடக்காத காரியம். மாறியதாகத் தெரிந்தால், நடுவே ஒரு விளிம்பு தவறிவிட்டது அல்லது வெளியிலிருந்து இரைச்சல் புகுந்துவிட்டது. இந்த ஒரு எண் இல்லாமல் அடுத்த இரண்டு பழுதுகளையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

வேகத்தில் வந்த பிழைகள்

நிற்கும்போது ஏறும் வியாதி உடனே நின்றது. பெடலை எப்படி அழுத்தினாலும் எண் ஒன்று கூடும், ஒன்று குறையும், அவ்வளவே. ஆனால் 1,200 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் மூலையில் இருந்த பிழை எண் ஓடத் தொடங்கியது.

கணக்குப் பார்த்தால், 1,200 ஆர்பிஎம் என்பது விநாடிக்கு 20 சுற்று, அதாவது சேனலுக்கு 12,000 அலை, மொத்தம் 48,000 விளிம்பு. அடுத்தடுத்த விளிம்புகளுக்கு நடுவே 21 மைக்ரோவிநாடிக்குச் சற்றுக் குறைவு. ஸ்கோப்பில் பார்த்தபோது அலை சதுரமாகவே இல்லை. இறங்கும்போது செங்குத்தாக விழுகிறது. ஏறும்போது சுறாத் துடுப்பு மாதிரி வளைந்து வளைந்து ஏறுகிறது.

இந்த என்கோடர் என்பிஎன் ஓப்பன் கலெக்டர் வகை. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் கம்பியைக் கிரவுண்டுக்கு இழுக்க மட்டும்தான் செய்யும். மேலே ஏற்றுவது புல்-அப் ரெசிஸ்டரின் வேலை. போர்டில் தனியாக ரெசிஸ்டர் எதுவும் இல்லை, சிப்பின் உள் புல்-அப்பை மட்டும் இயக்கி விட்டிருந்தார்கள். அது 20-லிருந்து 50 கிலோஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். 3 மீட்டர் கேபிளின் மின்தேக்கம் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் வீதம் 300 என்று வைத்தால், 35 கிலோஓமோடு நேர மாறிலி (சிக்னல் மேலே ஏற எடுக்கும் நேரத்தின் அளவு) 10 மைக்ரோவிநாடியைத் தாண்டுகிறது. ஏற்றம் எல்லாம் 10 மைக்ரோவிநாடி தாமதம், இறக்கத்தில் தாமதமே இல்லை. இதனால் விளிம்புகள் சம இடைவெளியில் வருவது கெட்டுப்போகிறது: பி ஏறுவதற்கும் ஏ இறங்குவதற்கும் நடுவே 21 இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 11-தான் மிஞ்சுகிறது. அதற்குள் இன்டரப்ட்டை முடித்துத் திரும்ப முடியாதபோது விளிம்பு தவறுகிறது.

ஏ, பி இரண்டுக்கும் ஆளுக்கொரு 2.2 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் போட்டதும் ஏற்றம் ஒரு மைக்ரோவிநாடிக்குள் அடங்கியது. 5 வோல்ட்டில் இரண்டு மில்லியாம்ப் சொச்சம்தான் ஓடும், என்கோடரின் டிரான்சிஸ்டருக்கு அது ஒரு சுமையே இல்லை. இந்த வகை என்கோடரில் ஏ அல்லது பி கம்பியைத் தவறிப்போய் நேராக சப்ளையோடு தொட்டுவிட்டால் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிழை எண் வெகுவாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. திரையைப் புதுப்பிக்கும் சமயங்களில் மட்டும் ஒன்றிரண்டு கூடியது. காரணம் எளிது: எட்டு பிட் சிப்பில் 32 பிட் எண்ணைப் படிக்க நான்கு பைட்டைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். நடுவே இன்டரப்ட் வந்து எண்ணை மாற்றிவிட்டால் பாதி பழையது, பாதி புதியது என்று உளறலான எண் கிடைக்கும். அதனால் படிக்கும்போது இன்டரப்ட்டை நிறுத்துவது கட்டாயம். நிறுத்திப் படித்து உடனே விட்டுவிட்டால் ஆபத்தில்லை. பழைய புரோகிராமின் திரை நூலகமோ தன் வேலை முடியும்வரை நிறுத்தியே வைத்திருந்தது. 16 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் ஒரு விளிம்புக்குக் கிடைப்பது 333 சுழற்சி. முனைந்தால் அதற்குள் ஓட்டிவிடலாம். ஆனால் எண்ணுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் வன்பொருள் இருக்கும்போது அந்த மல்லுக்கட்டு எதற்கு?

எஸ்டிஎம்32எஃப்103 சிப்புக்கு மாற்றினேன். அதன் டைமரில் என்கோடர் மோடு உண்டு. ஏ, பி இரண்டையும் டைமரின் இரு உள்ளீட்டில் கொடுத்துவிட்டால், விளிம்புகளைத் தானே பார்த்து மேலேயோ கீழேயோ எண்ணிக்கொண்டே இருக்கும். ப்ராசஸர் என்ன வேலையில் இருந்தாலும் கவலையில்லை. ஓப்பன் கலெக்டர் என்பதால் இங்கே ஒரு வசதியும் கிடைத்தது: என்கோடருக்கு 5 வோல்ட் கொடுத்துவிட்டு, புல்-அப்பை மட்டும் 3.3 வோல்ட்டுக்குக் கட்டினால் போதும், தனியாக லெவல் மாற்றி தேவையில்லை. செய்வதற்கு முன் மீட்டர் வைத்து, என்கோடருக்குள் ஏற்கெனவே புல்-அப் ஒளிந்திருக்கவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

டைமர் 16 பிட், 65,536-ல் சுற்றிக்கொள்ளும். 2,400-ஆல் வகுத்தால் 27 சுற்றுக்கு ஒரு தடவை. இதற்கு ஓவர்ஃப்ளோ இன்டரப்ட் எல்லாம் வைத்துக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை டைமரைப் படித்து, முந்தைய எண்ணைக் கழித்து, விடையைக் குறியுள்ள 16 பிட் எண்ணாக எடுத்து, 32 பிட் மொத்தத்தில் சேர்த்தால் ஆயிற்று. சுற்றிக்கொண்டாலும் கழித்தல் சரியாகவே வரும், இரண்டு படிப்புக்கு நடுவே 32,767-க்கு மேல் நகராதவரை. முழு வேகத்தில் 10 மில்லிவிநாடிக்கு 480 எண்ணிக்கைதான்.

ஒரே நஷ்டம், இந்த டைமர் பிழை நிலைகளைச் சொல்லாது. என் மூலை எண் போய்விட்டது. அதற்கு மாற்றாகக் கிடைத்ததுதான் இசட் கம்பி. கேபிளின் முனையில் மஞ்சள் கம்பி ஒன்றை யாரோ வெட்டி, பின்னால் மடித்து, ஷ்ரிங்க் ட்யூபுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். இது சுற்றுக்கு ஒரே ஒரு முறை துடிப்பது. முன்னோக்கி ஓடும்போது ஒவ்வொரு இசட் துடிப்பிலும் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டால், அடுத்தடுத்த இரண்டுக்கும் வித்தியாசம் மிகச்சரியாக 2,400 இருக்க வேண்டும். 2,399 என்று வந்தால் எங்கோ ஒன்று நழுவிவிட்டது. திசை மாறும்போது மட்டும் இந்தச் சோதனையை விட்டுவிட வேண்டும். இசட் துடிப்புக்கும் அகலம் உண்டு. முன்னோக்கி வரும்போது அதன் ஒரு ஓரத்தைத் தொடுகிறோம், பின்னோக்கி வரும்போது மறு ஓரத்தை. இரண்டையும் ஒப்பிட்டால் இல்லாத பிழையைத் தேடி அலைய வேண்டியதுதான்.

இசட் சோதனை ஓடத் தொடங்கியதும், மோட்டாரை நிறுத்தும் கணத்தில் எப்போதாவது ஒரு எண் பிசகுவது தெரிந்தது. என்கோடர் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே குழாயில் ஓடின. பிரித்து, ஷீல்டைப் போர்டு முனையில் மட்டும் கிரவுண்டு செய்து, டைமரின் உள்ளீட்டு ஃபில்டரையும் கொஞ்சம் கூட்டினேன், நின்றுவிட்டது. பத்து இருபது மீட்டர் ஓட வேண்டிய கேபிள் என்றால் இந்த வைத்தியம் போதாது. சிக்னலையும் அதன் எதிர்ச் சிக்னலையும் முறுக்கிய ஜோடிக் கம்பியில் அனுப்பும் ஆர்எஸ்-422 லைன் டிரைவர் வகை என்கோடரை வாங்குவதே உத்தமம்.

மீதி வேலைகள்

சுற்று எண்ணைக் காட்ட 2,400-ஆல் வகுக்கும் இடத்தில் ஒரு பொறி உண்டு. சி மொழியில் முழு எண் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும். −1 ஐ வகுத்தாலும் 0, +2,399 ஐ வகுத்தாலும் 0. பூஜ்யத்துக்குப் பின்னால் போகும்போது திரை ஒரு முழுச் சுற்று வரை 0 என்றே காட்டும். எதிர்மறை எண்ணைத் தனியாகக் கவனித்துக் கீழ்நோக்கி வெட்டினால் சரியாகும்.

வேகம் காட்டும் பகுதியையும் மாற்ற வேண்டி வந்தது. 30 ஆர்பிஎம்மில் 10 மில்லிவிநாடிக்கு வெறும் 12 எண்ணிக்கை. ஒன்று கூடிக் குறைந்தாலே 8 சதவீதம் ஆடும். மெதுவாக ஓடும்போது எண்ணிக்கையைவிட நேரத்தை அளப்பது நல்லது. அதுவும் ஏ-யின் ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றம் வரை. ஏ-க்கும் பி-க்கும் நடுவே அளந்தால் எண் நடுங்கும். கால் அலை என்று சொல்லப்படுவது தரவுத்தாளிலேயே கால் பங்கு, கூடக் குறைய எட்டில் ஒரு பங்கு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். 0.15 டிகிரி நுணுக்கம் என்றதும் 0.15 டிகிரி துல்லியம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

கரண்ட் போனால் கவுண்டரின் ஞாபகமும் போய்விடும். சப்ளை இறங்குவதைக் கண்டுபிடித்து, கடைசி எண்ணை நிலையான நினைவகத்தில் எழுதும்படி வைத்தேன். இருட்டில் யாராவது ஸ்பிண்டிலைத் திருப்பிவிட்டால் அதற்கு இதில் வழியில்லை. இசட் வந்ததும் ஒரு சுற்றுக்குள் எங்கே இருக்கிறோம் என்று தெரியும், எத்தனையாவது சுற்று என்று தெரியாது. அதற்கு எத்தனையாவது சுற்று என்பதையும் தானே சொல்லும் மல்டிடர்ன் அப்சல்யூட் என்கோடர் வேண்டும், இந்த மெஷினுக்கு அது அதிகம்.

ஸ்பிண்டிலையும் என்கோடரையும் இணைக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூவை இறுக்கி, ஷாஃப்டுக்கும் கப்ளிங்குக்கும் குறுக்கே மார்க்கரில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். நழுவினால் கோடு உடைந்து தெரியும். எலக்ட்ரானிக்ஸ் எவ்வளவு சுத்தமாக எண்ணினாலும், ஷாஃப்ட் உள்ளே வழுக்கினால் அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது. இசட் சோதனைகூட ஏமாந்துபோகும், அது என்கோடரின் சுற்றைத்தான் பார்க்கிறது, ஸ்பிண்டிலின் சுற்றை அல்ல.

சோதனைக்கு ஸ்பிண்டிலிலும் சட்டத்திலும் எதிரெதிரே கோடு போட்டு, எண்ணைப் பூஜ்யமாக்கி, முன்னும் பின்னும் மனம்போன வேகத்தில் ஓட்டி, நடுநடுவே பெடலைத் தட்டி அதிரவைத்து, கடைசியில் கையால் கோட்டுக்குக் கோடு கொண்டுவந்து நிறுத்தினேன். கவுண்டரின் எண் 2,400-ன் முழு மடங்குக்கு ஓரிரு எண்ணிக்கைக்குள் வந்தது, அந்த ஓரிரண்டும் என் கண்ணின் பிசகுதான். என்கோடரை மாற்றவில்லை.

முகப்பில் இலக்குச் சுற்றை வைக்கும் குமிழும் உள்ளுக்குள் ஒரு ரோட்டரி என்கோடர்தான், ஆனால் ஒளி இல்லாமல் தொடர்புமுனை வைத்தது. அங்கே துடிப்பு என்பது உலோகம் உலோகத்தைத் தொட்டுத் துள்ளுவது. ஓரிரு மில்லிவிநாடிக்கு மேலும் போகும். அதே 16 கட்ட அட்டவணையை அங்கேயும் போட்டு, மில்லிவிநாடிக்கு ஒரு முறை மட்டும் படிக்கவைத்தேன். குமிழின் ஒரு கிளிக்குக்கு நான்கு விளிம்பு வருவதால், நான்கு சேர்ந்து, நிலை 11-க்குத் திரும்பிய பிறகே இலக்கில் ஒன்று கூடும். பழைய புரோகிராமில் ஒரு கிளிக் திருப்பினால் சில சமயம் இரண்டு ஏறும், சில சமயம் ஒன்றும் ஏறாது. இப்போது கிளிக்குக்கு ஒன்று.